சுவரில் ஒரு இ-இங்க் படம்: ராஸ்பெர்ரி பையில் அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், ஒரு படம் மாட்டியிருக்கிறது. பார்க்க, தாளில் மையால் வரைந்து பிரேம் போட்டது போல இருக்கும். ஆனால் தினமும் விடிகாலை 5 மணிக்கு அதில் படம் மாறும். இன்றைக்குச் சிக்குக் கோலம் என்றால் நாளைக்கு ஒரு காங்கேயம் காளை. பிரேமுக்குள் இருப்பது இ-இங்க் பேனல். அதன் பின்னால் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ (சுருக்கமாகப் 'பை') என்ற கணினி ஒன்று. வீட்டுக்கு வந்து பார்த்த சொந்தக்காரர்கள், கோவையிலும் திருப்பூரிலும் இருக்கும் நண்பர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இதுவும் டிஜிட்டல் போட்டோ பிரேம்தானே? என்ன பெரிய வித்தியாசம்?

போட்டோ பிரேமில் இருப்பது எல்சிடி. அது ராத்திரியும் பகலும் வெளிச்சம் விட்டுக்கொண்டே இருக்கும். இ-இங்க் தானாக ஒளிர்வதில்லை. ஜன்னல் வழியே வரும் வெளிச்சமும் அறையில் எரியும் விளக்கும் பட்டுத்தான் தெரியும், தாள் போலவே. பேனலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் லட்சக்கணக்கான குமிழ்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகளும் கருப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு ஒரு திரவத்தில் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றொன்று கீழே போகும். அப்புறம் மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் அங்கேயே நிற்கும். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்குச் சாயங்காலம் வரை வீட்டில் டிவி, மோட்டார் எதுவும் ஓடாது. சுவரில் கோலம் மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த அமைதிக்காகத்தான் இதைச் செய்யச் சொல்கிறேன். வீட்டில் இன்னொரு திரை கூடிவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது சரியான பொருள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ ஒன்று. 512 எம்பி நினைவகம்தான், இந்த வேலைக்கு அது தாராளம். வயர் மாட்டும் நாற்பது பின்னும் பற்றவைத்தே வரும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் சால்டரிங் இரும்பைத் தேட வேண்டியிருக்கும். பேனலுக்கு வேவ்ஷேர் நிறுவனத்தின் 7.5 அங்குலம், 800க்கு 480 புள்ளி, கருப்பு வெள்ளை. பேனலையும் பையையும் இணைக்க, கூடவே வரும் ஹேட் பலகை. 16 ஜிபி மெமரி கார்டு ஒன்று, 5 வோல்ட் சார்ஜர் ஒன்று. பணத்தில் பெரும்பங்கு பேனலுக்குத்தான் போகும். அது மெல்லிய கண்ணாடி. என் முதல் பேனலைச் சட்டத்துக்குள் கட்டை விரலால் அழுத்தி உட்கார வைத்தபோது மூலையில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், போய்விட்டது. பேனலை எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

கருப்பு வெள்ளை வாங்கலாமா, வண்ணம் வாங்கலாமா?

முதலில் செய்பவர்களுக்குக் கருப்பு வெள்ளை. சில நொடிகளில் படம் மாறிவிடும். ஏழு வண்ணப் பேனலில் ஒரு படம் மாற அரை நிமிடம் பிடிக்கும், அந்த அரை நிமிடமும் திரை பலமுறை மின்னும். வண்ணங்களும் போனில் பார்ப்பது போலப் பளிச்சென்று இருக்காது, பழைய காலண்டர் படம் போல அடங்கி இருக்கும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரிய விஷயம். ஏழு வண்ணப் பேனல்களுக்குச் சொல்லப்படும் வெப்ப வரம்பு 15 முதல் 35 டிகிரி வரைதான். கருப்பு வெள்ளைக்கு 50 டிகிரி வரை. சித்திரை வைகாசியில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மத்தியானம் வீட்டுக்குள்ளேயே 35க்கு மேல் போய்விடும். வண்ணப் பேனல் வைத்தால் விடிகாலையில் மட்டும் படம் மாறும்படி வையுங்கள். மாறி முடிந்த படம் அப்புறம் சும்மா நிற்கத்தானே போகிறது.

வண்ணத்தில் எனக்கு மிகப் பிடித்தது பவானி ஜமுக்காளம். அகலமான, தட்டையான பட்டைகள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் பேனலிடம் நேரடியாகவே இருக்கும் நிறங்கள். புள்ளி கலந்து நிறம் உண்டாக்க வேண்டிய வேலையே இல்லை. நெய்த துணி போலவே சுவரில் நிற்கும்.

மானிட்டர், கீபோர்டு இல்லாமல் பையை எப்படித் தயார் செய்வது?

ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருளை உங்கள் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் என்ற இயங்குதளத்தில், டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு போதும். கார்டில் எழுதுவதற்கு முன்பே வைஃபை பெயர், கடவுச்சொல், பயனர் பெயர், வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைவதற்கான எஸ்எஸ்எச் எல்லாவற்றையும் அதிலேயே கொடுத்துவிடலாம். கார்டைப் போட்டுக் கரண்ட் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் நெட்வொர்க்கில் வந்து நிற்கும்.

வரவில்லையா? ஜீரோ 2 டபிள்யூ 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும். புதிய ரூட்டர்களில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயரைக் கொடுத்திருந்தால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் வராது.

எந்த வயர் எங்கே?

ஹேட்டை நேராகப் பையின் நாற்பது பின்னிலும் குத்திவிட்டால் வயரே தேவையில்லை. பிரேமின் தடிமன் குறைய வேண்டும் என்று பிரித்து வைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 3.3 வோல்ட் 1ஆம் பின், தரை 6ஆம் பின், டேட்டா 19, க்ளாக் 23, சிப் செலக்ட் 24, டிசி 22, ரீசெட் 11, பிஸி 18. புதிய ஹேட்டில் பவர் என்று ஒன்பதாவதாக ஒரு வயர் இருக்கும், அது 12ஆம் பின்னுக்கு. 5 வோல்ட் பின்னைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் திறந்து, இன்டர்பேஸ் பகுதியில், பை பேனலோடு பேசும் வழியான எஸ்பிஐயை இயக்கி, ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். பேனலிலிருந்து வரும் பட்டை கேபிளை மாட்டும்போது ஹேட்டில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கி, கேபிளைக் கோணாமல் உள்ளே விட்டு, தாழ்ப்பாளை இறக்குங்கள். அந்தக் கேபிளை மடக்கக் கூடாது. ஹேட்டில் ஏ, பி என்று ஒரு சிறு சுவிட்ச் இருந்தால், எந்தப் பேனலுக்கு எது என்று கையேட்டில் பார்த்து வையுங்கள். தப்பான பக்கம் இருந்தால் படம் மங்கலாக வரும், அல்லது வராது.

நிரலுக்கு வேண்டிய நூலகத்தை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) நிறுவப் போனால் 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்ற பிழை வருகிறதே?

இயங்குதளத்தில் 2023இல் வந்த புக்வார்ம் பதிப்பு முதல் இப்படித்தான். நாம் நிரல் எழுதும் பைத்தான் மொழிக்கு நூலகங்களைக் கொண்டுவரும் கருவி பிப். அதன் மூலம் கணினியின் பைத்தானில் நேரடியாக எதையும் போட விடாது. உங்கள் திட்டத்துக்கென்று, மற்றவற்றோடு கலக்காத ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, அதற்குள் நிறுவுங்கள். உருவாக்கும்போது கணினியின் தொகுப்புகளையும் பார்க்க அனுமதிக்கும் தேர்வைச் சேர்த்துக்கொண்டால், பின்களை இயக்க ஏற்கெனவே உள்ள ஜிபிஐஓ, எஸ்பிஐ நூலகங்களை மறுபடி போட வேண்டாம்.

நிரலை ஓட்டினால் எந்தப் பிழையும் இல்லை, அப்படியே நின்றுவிடுகிறது. ஏன்?

பிஸி என்ற பின் வழியாகப் பேனல் 'வேலையில் இருக்கிறேன்' என்று சொல்லும். அது முடிந்தது என்று சொல்லும் வரை நிரல் காத்திருக்கும். பேனலோடு பேச்சே நடக்கவில்லை என்றால் அந்தக் காத்திருப்பு முடியாது. பெரும்பாலும் பட்டை கேபிள் சரியாக உட்காராததுதான் காரணம், கழற்றி மறுபடி மாட்டுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் எஸ்பிஐ இயங்குகிறதா பாருங்கள். மூன்றாவது, பேனலை இயக்கும் டிரைவர் கோப்பு. 7.5 அங்குலத்திலேயே முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, சிவப்பு சேர்ந்தது என்று தனித்தனி உண்டு. பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து அதற்கான கோப்பைப் பயன்படுத்துங்கள்.

போட்டோ போட்டால் மணல் கொட்டியது போலக் கசகசவென்று தெரிகிறதே?

பேனலுக்குத் தெரிந்தது கருப்பும் வெள்ளையும்தான். நடுவில் உள்ள சாம்பலை, கருப்புப் புள்ளிகளை நெருக்கியும் தள்ளியும் வைத்துக் காட்ட வேண்டும். ஃப்ளாய்ட், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட முறையைத்தான் பைத்தானின் பில்லோ நூலகம் இன்றும் தானாகவே பயன்படுத்துகிறது. முறை நல்லதுதான், நாம் அதற்குக் கொடுக்கும் படம்தான் தயாராக இருக்க வேண்டும்.

முதலில் 800க்கு 480 அளவுக்கு வெட்டிச் சுருக்குங்கள். பிறகு ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டி, கொஞ்சம் கூர்மையாக்குங்கள். கடைசியாகத்தான் புள்ளியாக்க வேண்டும். புள்ளியாக்கிய படத்தை மறுபடி சுருக்கினாலோ பெரிதாக்கினாலோ கெட்டது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கெட்டது. பிஎன்ஜியாகவே வையுங்கள்.

எந்தப் போட்டோ என்பதும் முக்கியம். கும்பலாக நிற்கும் கல்யாண போட்டோ எடுபடாது. காங்கேயம் காளை எடுபடும். உடம்பு வெளிர்சாம்பல், தலையும் கழுத்தும் திமிலும் கருமை ஏறியவை. பேனலுக்கு வேண்டிய படிநிலை எல்லாம் அந்த ஒரு உடம்பிலேயே இருக்கிறது. பின்னணியில் வெளுத்த வானம் இருக்கும்படி ஒரு படத்தை எடுத்து, மாட்டிவிட்டு ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். புள்ளி கலைந்து திமிலின் வளைவு மட்டும் தெரியும்.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன்.

ஒருமுறை நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்த பானை ஓட்டின் தமிழி எழுத்துகளைக் கோட்டோவியமாக வரைந்து, கீழே 'கொடுமணல்' என்று தலைப்பு வைத்தேன். படம் அருமையாக வந்தது. காலையில் அம்மாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, கொம்பு பின்னால போயிக் கெடக்குதே, இதையா செவுத்துல மாட்டியிருக்கற?" என்றார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் அவர். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு, காலோடு சேர்ந்து பின்னால் நின்றது. 'டு' ஓர் எழுத்தாகக் கூடாமல், ட தனி, உகரக் குறி தனி.

காரணம் இதுதான். யூனிகோடில் 'கொ' என்பது க, அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்துக்கோப்பு இயந்திரத்தின் வேலை. போனிலும் பிரவுசரிலும் அது எப்போதும் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பில்லோ தன் அடிப்படை முறையில் அதைச் செய்யாது, வந்த வரிசையிலேயே எழுத்து வடிவங்களை அடுக்கிவிடும். ராக்ம் என்ற நூலகம் கூட இருந்தால், அது ஹார்ஃப்பஸ் என்ற இயந்திரத்தை வைத்துச் சரியாகக் கோக்கும்.

ஆகவே முதல் வேலையாக, பில்லோவின் அம்சச் சோதனையில் ராக்ம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று வந்தால் லிப்ராக்ம், ஃப்ரிபிடி இரண்டையும் நிறுவிவிட்டுப் பில்லோவை மறுபடி நிறுவுங்கள். 'கொடுமணல்', 'நொய்யல்', 'பொள்ளாச்சி', 'கோபி', 'கௌசிகா நதி' என்று எழுதிப் பாருங்கள். இந்த ஐந்தும் சரியாக வந்தால் பயமில்லை.

எழுத்துரு விஷயத்தில், மெல்லிய கோடு உள்ளவை கருப்பு வெள்ளையில் நூல் அறுந்தது போல விட்டு விட்டுத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வகை நன்றாக நிற்கும். கையெழுத்துச் சாயல் வேண்டும் என்றால் கவிவனார். எழுத்தை முதலில் சாம்பல் படமாக வரைந்து, பின்னர் நடு அளவில் வெட்டிக் கருப்பு வெள்ளை ஆக்கினால் வளைவுகள் சீராக வரும். எழுத்துக்குப் புள்ளி முறை வேண்டாம். பெரியவர்கள் படிக்க வேண்டும் என்றால் 28 புள்ளி உயரத்துக்குக் குறைக்காதீர்கள்.

தமிழ் எழுத்து உடைந்த படத்தை 'பரவாயில்லை, புரிகிறதே' என்று மாட்டிவிடாதீர்கள். தாள் போல இருக்கிறது என்பதற்காகத்தானே இதைச் செய்கிறோம். அச்சுத் தாளில் அப்படி வந்தால் விடுவோமா?

தினமும் புதுப் படத்துக்கு எங்கே போவது?

கோலத்தை நிரலே போடும். கோலத்துக்கும் கணினிக்கும் உறவு புதிதில்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதலாம் என்று 1974லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

சிக்குக் கோலத்தை எளிதாக இப்படி யோசிக்கலாம். ஏழுக்கு ஏழு புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரே ஒரு முடிவு: கோடு ஒன்றையொன்று வெட்டிக் குறுக்கே போகிறதா, வளைந்து திரும்புகிறதா. கால் பங்குக்கு மட்டும் இதை முடிவு செய்து, மற்ற முக்கால் பங்குக்குக் கண்ணாடி போலத் திருப்பிவிட்டால் நாலு பக்கமும் ஒத்த கோலம் கிடைக்கும். புள்ளிகளுக்கு இடையே 60, கோட்டின் தடிமன் 6 என்று வைத்தால் 480 உயரத்துக்குள் அழகாக உட்காரும். முடிவுகளைச் சீட்டுக் குலுக்குவது போல எடுங்கள், ஆனால் குலுக்கலின் விதையாக, அதாவது தொடக்க எண்ணாக, அன்றைய தேதியைக் கொடுங்கள். அப்போதுதான் நடுவில் கரண்ட் போய் வந்தாலும் அன்றைக்கு அதே கோலம் வரும். காலையில் ஒரு கோலம், சாயங்காலம் ஒரு கோலம் என்றால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோட்டுப் படங்களில் இன்னொன்று: ஈரோடு மாவட்டம் அறச்சலூர் மலைக்குகையில் ஐந்துக்கு ஐந்தாக வெட்டிய இசை எழுத்துக் கல்வெட்டு. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்று போல வரும் கட்டம். எழுத்துகளைக் கோத்தவர் தேவன் சாத்தன் என்று பெயரும் இருக்கிறது. கருப்பு வெள்ளைப் பேனலுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்து நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்தால் பழைய தேதி காட்டுகிறதே?

பை ஜீரோவுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கும். இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கும். ஆனால் ரூட்டரும் அதே நொடியில்தான் எழுந்திருக்கிறது, அது பையைவிட மெதுவாக எழும். அதற்குள் உங்கள் நிரல் ஓடி, பழைய தேதியைப் போட்டுவிடும். நிரலின் தொடக்கத்திலேயே, நேரம் ஒத்திசைந்துவிட்டதா என்று கணினியிடம் பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டு, ஆமாம் என்ற பிறகு வரையச் சொல்லுங்கள். இணையமே இல்லாத தோட்டத்து வீடு என்றால் டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தினமும் ஓட்டுவதற்கு, குறித்த நேரத்தில் நிரலைத் தொடங்கும் க்ரான் போதும். நான் 5 மணி என்று வைத்திருப்பது வாசல் தெளிக்கும் நேரம் என்பதால்.

மெமரி கார்டு அடிக்கடி கெடுமா?

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கெடலாம். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறையை இயக்கிவிடுங்கள். பிறகு கார்டில் எதுவும் எழுதப்படாது. கார்டில் உள்ள படங்களையோ நிரலையோ மாற்ற வேண்டிய அன்றைக்கு மட்டும் அதை நிறுத்தி, மாற்றிவிட்டு, மறுபடி இயக்க வேண்டும்.

படம் மாறும்போது கருப்பாக மின்னுகிறது, பழைய படத்தின் நிழலும் தெரிகிறது. பழுதா?

மின்னுவது பழுதில்லை. துகள்களை ஒருமுறை முழுதாக மேலும் கீழும் ஓட்டித்தான் பழைய படம் துடைக்கப்படுகிறது. நிழல் தெரிந்தால், புதுப் படத்துக்கு முன்னால் ஒருமுறை முழுவெள்ளை போடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் மறுபடி மறுபடி மாற்றாதீர்கள், ஒரு நாளுக்கு ஒருமுறையாவது மாற்றாமலும் விடாதீர்கள். படம் போட்டு முடிந்ததும் பேனலைத் தூங்கவைக்கும் கட்டளையை நிரலில் மறக்கவே கூடாது. மறந்தால் உயர் மின்னழுத்தம் அதன் மேலேயே நிற்கும், பேனல் நாளடைவில் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

கரண்ட் பில் ஏறுமா?

ஏறாது. மாதம் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது.

வயர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டலாமா?

படத்துக்குக் கரண்ட் வேண்டாம், பைக்கு வேண்டும். அது சும்மா இருந்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரிதான் வேண்டும் என்றால் பையை விட்டுவிட்டு இஎஸ்பி32 பலகைக்குப் போங்கள். நாளுக்கு ஒரு நிமிடம் விழித்துவிட்டு மற்ற நேரம் ஆழ்ந்து தூங்கும். தமிழ் எழுத்தைக் கோக்கும் வேலையை வேறொரு கணினியில் முடித்து, ஆயத்தப் படமாக அனுப்ப வேண்டும்.

பிரேம் எப்படிப் போடுவது, எங்கே மாட்டுவது?

சாமி படத்துக்குப் பிரேம் போடும் கடைக்கே போங்கள். பேனலில் படம் தெரியும் பகுதி சுமார் 163க்கு 98 மில்லிமீட்டர். அதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாகத் துளை வெட்டிய மவுண்ட் போர்டு கேளுங்கள். வெள்ளையில் கேட்காதீர்கள். பேனலின் வெள்ளை சற்றே சாம்பல் கலந்தது, பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் அழுக்காகத் தெரியும். சந்தன நிறம் அல்லது வெளிர் சாம்பல் பொருந்தும். பை உட்கார, பின்னால் ஓர் அங்குல ஆழம் வேண்டும். முன்னால் கண்ணாடி வேண்டாம் என்பது என் கருத்து. அது போட்டால் ஜன்னல் அதில் தெரியும், தாள் என்ற உணர்வு போய்விடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் மட்டும் போடுங்கள்.

நேர் வெயில் படும் சுவர் ஆகாது. மேற்குச் சுவரும் தகரக் கூரையின் அடியும் ஆகாது.

ஒரு மாதம் ஊரில் இருக்க மாட்டோம். அப்படியே விட்டுப் போகலாமா?

வைஃபையும் கரண்டும் இருந்தால் விட்டுப் போகலாம், அது பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். மெயினை நிறுத்திவிட்டுப் போவதாக இருந்தால் முதலில் முழுவெள்ளை போட்டு, பேனலைத் தூங்கவைத்து, அதன் பிறகு சார்ஜரைக் கழற்றுங்கள். ஒரே படத்தோடு மாதக்கணக்கில் நின்றால் அதன் சாயல் தங்கிவிடும். கழற்றி எடுத்துவைப்பதாக இருந்தாலும் வெள்ளையாக்கிவிட்டுத்தான். படம் தெரியும் முகத்தின் மேல் எதையும் அடுக்காமல், வெயில் படாத அலமாரியில்.